வராதவர்களுக்கும் ஒரு பங்கு

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நாங்கள் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். என் கணவர் மாங்காய் லோடு ஏற்றிச் செல்லும் மினி லாரி ஓட்டுபவர். கடந்த ஆண்டு தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் கால் முறிந்து, தர்மபுரி அரசு மருத்துவமனையில் 19 நாள் இருந்தார். போதகர் இரண்டாம் நாள் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அதன்பின் சபையிலிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. வீடு திரும்பிய பிறகு பெண்கள் கூட்டத்துக்குப் போனேன். "காணிக்கையில் குறைவு வைத்தால் இப்படித்தான் நடக்கும்" என்று ஒரு சகோதரி என் காது கேட்கச் சொன்னார். அன்றோடு சபைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். 14 மாதம் ஆகிறது. இப்போது ஞாயிறு காலையில் சென்னையிலுள்ள ஒரு சபையின் ஆராதனையைச் செல்போனில் பார்க்கிறோம். பிரசங்கம் எங்கள் போதகருடையதைவிட நன்றாகவே இருக்கிறது. சபைக்குப் போகாத வீட்டுக்குச் சாபம் வரும் என்கிறார் மாமியார். ஒன்பது வயது மகன், "நாம் மட்டும் ஏன் கோயிலுக்குப் போவதில்லை?" என்று கேட்கிறான். கடைசி பெஞ்சில் உட்காரும் வயதான அம்மா ஒருவர் மட்டும் எப்போதாவது தன் பேரனிடம் முருங்கைக்கீரையோ கேழ்வரகு மாவோ கொடுத்தனுப்புவார். அவருடைய தூக்குப்பாத்திரம்கூட எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கொடுக்கப் போனால் சபையைப் பற்றிப் பேச வேண்டி வருமே என்று போகவில்லை. தேவன் எங்கும் இருக்கிறார் அல்லவா? வீட்டிலேயே உண்மையாய் ஆராதித்தால் போதாதா? சபை ஐக்கியம் அவ்வளவு முக்கியமா?
— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்பான சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் உடனே எழுத உட்கார முடியவில்லை. 19 நாள் என்பது சிறிய காலமா? எலும்பு முறிவு வார்டில் துணைக்கு இருந்தவர்களுக்கு அது தெரியும். சாயங்காலம் பார்வையாளர் நேரம் வந்தால் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஆள் வரும். பிளாஸ்கும் சாப்பாட்டுக் கூடையுமாக நுழைகிறவர்களில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று கண் தேடும். எல்லாரும் கலைந்த பிறகு, கட்டிலில் கிடப்பவர் "இன்றைக்கும் யாரும் வரவில்லையா?" என்று கேட்டுவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அப்படிப் பத்தொன்பது சாயங்காலங்களை நீங்கள் கடந்திருக்கிறீர்கள். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஆனாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களில் 27 ஆண்டுகளாக ஊழியம் செய்யும் ஒரு போதகனாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அது நடந்திருக்கக் கூடாது.

அந்தச் சகோதரி சொன்ன வார்த்தை பொய். அதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவன் செய்ததுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல என்றுதான் இயேசு பதில் சொன்னார். காணிக்கை என்பது விபத்து வராமலிருக்கக் கட்டும் இன்சூரன்ஸ் தவணை அல்ல. யோபுவின் சிநேகிதர்களை நினைத்துப் பாருங்கள். அவன் துக்கத்தைக் கண்டு ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்ததும் எல்லாவற்றையும் கெடுத்தார்கள். உங்கள் சபையாரோ, வந்து உட்கார வேண்டிய நாளில் வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நாளில் பேசிவிட்டார்கள்.

உங்கள் மாமியார் வயதில் மூத்தவர். குடும்பத்தின் மேலுள்ள அக்கறையில் சொல்கிறார். அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் சாபத்துக்குப் பயந்து சபைக்குப் போகவும் வேண்டாம். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஒரு நாளும் எந்தச் சபையிலும் உட்கார்ந்ததில்லை. அவனுக்குப் பரதீசு கிடைத்தது. இரட்சிப்பு கிறிஸ்துவினால் வருகிறது. அதில் யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சபை ஐக்கியம் அவ்வளவு முக்கியமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பத்தொன்பது நாளில் உங்கள் கணவரின் பள்ளித் தோழர்கள் எத்தனை பேர் வரவில்லை? ரேஷன் கடையில் தினமும் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் வரவில்லை? அவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சபையார் வராததுதான் 14 மாதம் கழித்தும் ஆறாமல் வலிக்கிறது. ஏனென்றால் அவர்கள் வருவார்கள் என்று நீங்கள் நம்பியிருந்தீர்கள். அவர்களை உங்கள் சொந்தமாக எண்ணியிருந்தீர்கள். முக்கியமில்லாத ஒன்று இப்படி வலிக்காது, சகோதரி.

எபிரெயர் 10:25 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்." போதகர்களாகிய நாங்கள் இந்த வசனத்தைப் பிரம்பாக எடுத்துப் பலமுறை வீசியிருக்கிறோம். அப்படி வீசும்போது அதற்கு முந்தின வசனத்தை வாசிக்க மறந்துவிடுகிறோம். "ஒருவரையொருவர் கவனித்து" என்று அங்கே இருக்கிறது. கூடிவருவது எதற்காக என்பது அந்த இரண்டு சொல்லில் வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. இங்கே "விட்டுவிடுகிறது" என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல்லும், சிலுவையில் இயேசு "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியதை மத்தேயு எழுதும்போது வரும் வினைச்சொல்லும் ஒன்றுதான். ஆகவே ஒரு ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டதைப் பற்றிய பேச்சு அல்ல இது. மனிதர்களைக் கைவிடுவதைப் பற்றியது. அப்படிப் பார்த்தால், உங்கள் சபையில் இந்த வசனத்தை முதலில் மீறியது நீங்கள் அல்ல. நீங்கள் கூடிவருதலை விடும் முன்னே அவர்கள் உங்களை விட்டுவிட்டார்கள்.

ஆதி சபை இதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. கி.பி. 150-ஐ ஒட்டி, ரோமாபுரியில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்னதான் செய்கிறார்கள் என்று ரோமப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். பட்டணத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். வேதவாசிப்பு, போதனை, ஜெபம், பிறகு திருவிருந்து. வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுக்கும் காணிக்கை, திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகும். இதற்கு நடுவே அவர் எழுதும் ஒரு சிறிய விவரம் என் மனதைவிட்டு நீங்குவதே இல்லை. திருவிருந்தில் வராதவர்களுக்கும் ஒரு பங்கு எடுத்து, உதவிக்காரர்கள் கையில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று தெரிந்தால்தானே அதைச் செய்ய முடியும்? அந்தச் சபையில் ஒருவர் இல்லாதது கண்ணில் பட்டது. அப்பத்தைப் பிட்கும்போதே அவருக்கான துண்டும் கணக்கில் இருந்தது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நானே இதில் தவறியவன். ஊழியத்தின் இரண்டாம் ஆண்டு. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சிறு சபை எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. தூணை ஒட்டி உட்காரும் பெரியவர் ஒருவர், மூன்று ஞாயிறாகக் காணவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நம் ஊர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போவதும் வருவதுமாகத்தானே இருக்கிறார்கள்? நான்காம் ஞாயிறும் வராததால் திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் அடிபட்டு, திண்ணையை ஒட்டிய அறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பக்கத்து வீட்டுப் பெண், நம் விசுவாசத்தைச் சேராதவர், தினமும் இரண்டு வேளை கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "கோயில் மணி இங்கே நன்றாகக் கேட்கும், ஐயா. மணி நின்றதும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்ப்பேன்" என்றார். நான்கு ஞாயிறும் நான் அந்த மணியை அடிக்கச் சொல்லி, ஐக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அவருடைய வீடு கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அன்று தொடங்கி, ஆராதனை முடிந்ததும் யார் யார் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளாமல் நான் வீட்டுக்குப் போவதில்லை.

செல்போன் ஆராதனையை நான் இழிவாகப் பேச மாட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் கதவுகள் பூட்டப்பட்டு, அந்த ஏப்ரல் 12-ஆம் தேதி ஈஸ்டரைக்கூட அவரவர் வீட்டில் கொண்டாடிய நாளில் அது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், ஓசூர் தொழிற்சாலைகளில் ஞாயிறு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இன்றும் உதவுகிறது. சென்னைப் போதகர் நன்றாகப் பிரசங்கம் செய்கிறார் என்கிறீர்கள். சந்தோஷம், கேளுங்கள். ஆனால் அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. உங்கள் கணவர் கால் தாங்கி நடப்பதை அவர் பார்த்ததில்லை. நாளை உங்கள் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், பெட்டியைத் தோளில் தூக்கிக் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும் ஆறு பேர் அந்தத் திரைக்குள்ளிருந்து வர மாட்டார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன்: திரையின் முன் உட்கார்ந்திருக்கும்போது யாரும் உங்களைக் காயப்படுத்த முடியாது. 14 மாதமாக அது உங்களுக்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் அங்கே உங்களால் தாங்கப்படுகிறவர்களும் யாரும் இல்லை. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று பவுல் எழுதினாரே, அதற்குப் பக்கத்தில் ஒரு தோள் வேண்டும்.

உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு நான் உங்கள் கேள்வியைவிட அதிகமாகக் கவலைப்படுகிறேன். நம் மாவட்டங்களில் நாம் சிறு கூட்டம். கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களைத் தவிர்த்தால், பல ஊர்களில் தெருவுக்கு ஒரு கிறிஸ்தவ வீடு இருந்தாலே பெரிது. பள்ளியில் உங்கள் மகனுடைய வகுப்பில் இன்னொரு கிறிஸ்தவப் பிள்ளை இருக்கிறதோ என்னவோ. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விசுவாசம் என்பது பெரும்பாலும் மனிதர்களின் முகம்தான்: ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்த அக்கா, கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பனாக வேஷம் போட்ட அண்ணன், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய தாத்தா. வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒரு சிறிய திரையும் மட்டும் என்றால், இந்த உலகத்தில் நாம் மட்டும்தான் இப்படி என்று அந்தப் பிள்ளை நினைக்கத் தொடங்கும். எலியா தீர்க்கதரிசியே அப்படி நினைத்தவர்தான். "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று ஓரேப் மலைக் கெபியில் புலம்பினார். ஏழாயிரம் பேர் மீதியிருக்கிறார்கள் என்று கர்த்தர் சொன்னார். அதோடு விடவில்லை. எலிசாவைத் தேடிப் போகச் சொல்லி அனுப்பினார். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசிக்கே கூட நடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஐக்கியம் என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. மத்தூர்ப் பக்கம் ஒரு சபையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு பெண், கூலிக்குப் புளி வாங்கி வந்து வீட்டிலேயே கொட்டை எடுத்துப் பிழைப்பவர். துக்கம் நடந்த பிறகு அவர் யாரோடும் பேசுவதில்லை, ஜெபக்கூட்டத்துக்கும் வருவதில்லை. சபைப் பெண்கள் ஐந்தாறு பேர், ஆறுதல் சொல்கிறோம் என்று கிளம்பாமல், புதன்கிழமை மதியம் ஆளுக்கொரு சிறு கட்டையும் சுத்தியலுமாக அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்து, சதையை ஒருபுறம் குவித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள். முதல் வாரம் ஜெபம்கூடச் செய்யவில்லை. ஒரு மூட்டை முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். புளிச் சீசன் முடிவதற்குள் அந்தப் பெண்ணே, "ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போங்களேன்" என்று கேட்டாராம். நான் போனபோது தாழ்வாரம் முழுக்கப் புளி வாசனை. அவர்கள் விரலெல்லாம் பழுப்பேறிப் பிசுபிசுத்திருந்தது. அப்போஸ்தலர் 2:42-இல் ஐக்கியத்தைக் குறிக்கும் "அந்நியோந்நியம்" என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாழ்வாரம்தான் நினைவுக்கு வருகிறது.

எந்தச் சபையாக இருந்தாலும் பொறுத்துப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்குக் காட்டாமல் காணிக்கைக்கு நெருக்குகிற இடம், பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பாதுகாப்பில்லாத இடம், சாதி பார்த்துப் பெஞ்சும் கல்லறையும் ஒதுக்குகிற இடம், இப்படிப்பட்ட சபையை விட்டு வெளியேறி வேறு சபையில் சேருவது பாவமல்ல. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்கள் பசியோடு நின்றபோது, நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் முகத்துக்கு நேராக எழுதினார். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மறதியும் அலட்சியமும் ஒருவருடைய புத்தியற்ற வாயும் தெரிகிறது. இவை பேசித் தீர்க்கக்கூடியவை.

ஆகவே கணவரோடு போதகரை நேரில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் ஒரு சாயங்காலம். போனில் எழுதி அனுப்பாதீர்கள். எழுத்தில் வலி கோபமாகத் தெரியும். 19 நாள் எப்படி இருந்தது என்பதை எனக்கு எழுதியதுபோலவே அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் ஏன் வருவதில்லை என்பதே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் இத்தனை மாதம் வராமல் இருந்தார் என்றால், அதையும் நேரிலேயே கேளுங்கள். காணிக்கையைப் பற்றிப் பேசிய சகோதரியிடம் தனியாகப் பேச வேண்டும். மத்தேயு 18 அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதற்கு அவசரமில்லை, உங்கள் மனதில் பலம் வரட்டும். அவர் மன்னிப்புக் கேட்கும்வரை கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று மட்டும் இருக்காதீர்கள். நீங்கள் திரும்பிப் போகும் நாளைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஏன் அவர் கையில் கொடுக்கிறீர்கள்?

திரும்பிப் போனால் ஒரு வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. உங்கள் சபையில் இனி யார் மருத்துவமனையில் சேர்ந்தாலும், அந்தச் சாயங்கால நேரம் எப்படி இருக்கும் என்று உங்களைப்போல் அறிந்தவர் அங்கே இல்லை. போதகரிடம் கேட்டு அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டும் பஸ் டிக்கெட்டுக்குக் காசும் போதும். உங்கள் கணவரும் வருவார். கால் முறிந்து கிடப்பவரிடம் அவர் பேசினால் அதில் கனம் இருக்கும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒன்றை நான் நிறுத்திப் படித்தேன். "ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை" என்று எழுதிய நீங்களேதான், கடைசி பெஞ்சு அம்மா கீரையும் மாவும் கொடுத்தனுப்புவதையும் எழுதியிருக்கிறீர்கள். அவரால் தர்மபுரிக்குப் பஸ் ஏறி வர முடியாமல் இருந்திருக்கலாம். பெண்கள் கூட்டத்தில் எழுந்து உங்களுக்காகப் பேசத் தைரியம் இல்லாதிருந்திருக்கலாம். ஆனால் ஞாயிறுதோறும் உங்கள் இடம் காலியாக இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்து, தன் வீட்டில் இருந்ததில் ஒரு பங்கை எடுத்து, பேரன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஜஸ்டின் எழுதியது வேறென்ன? இந்த 14 மாதமும் உங்கள் சபை உங்களை முழுவதுமாக விட்டுவிடவில்லை, சகோதரி. அது ஒரு தூக்குப்பாத்திரத்தில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

இந்த ஞாயிறே ஆராதனைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு நாள், வெயில் தாழ்ந்த பிறகு, மகனையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்வாருங்கள். பாத்திரத்தை வெறுமனே கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதில் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள். சபையைப் பற்றி அவர் பேச்செடுத்தால் பேசுங்கள். எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் மூன்று பேருக்கு இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.